புகை எந்தப் பக்கம் போகிறது? செங்கல்பட்டு, மாமல்லபுரம் கரையோரத்துக்கு ஒரு பொது வரைபடம்

2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. பல நாட்கள் முன்பே அதன் பாதை எல்லோருடைய கைபேசியிலும் வந்துவிட்டது. எப்போது எங்கே இருக்கும், காற்று எவ்வளவு வேகத்தில் அடிக்கும் என்பது கோவளம் மீனவருக்கும் தெரிந்தது, மதுராந்தகம் விவசாயிக்கும் தெரிந்தது. படகுகளை மேட்டில் ஏற்ற அவகாசம் கிடைத்தது.

அதே ஆண்டு ஏப்ரல் 27ஆம் தேதி, செங்கல்பட்டு மாவட்டத்தின் வடக்கு எல்லைக்கு அருகே, பெருங்குடி குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய அந்தக் கிடங்கில் தீயையும் புகையையும் அடக்கப் பல நாட்கள் ஆயின. சுற்றுப்புறத்தில் இருந்தவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு காத்திருந்தார்கள். புகை அடுத்த ஆறு மணி நேரத்தில் எந்தப் பக்கம் திரும்பும், எந்தப் பள்ளிக்கூடத்தின் மேல் இறங்கும் என்று தெரு அளவில் சொல்லும் வரைபடம் அவர்களிடம் இல்லை.

அதை வரையத் தேவையான தரவுகளில் பெரும்பகுதி இருக்கிறது. தீயைச் செயற்கைக்கோள் பார்க்கிறது. காற்றை வானிலை நிலையங்கள் அளக்கின்றன. நுண்துகள்களை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கருவிகள் எண்ணுகின்றன. இவை வெவ்வேறு நிறுவனங்களில், வெவ்வேறு வடிவில், வெவ்வேறு கடிகாரத்தில் கிடக்கின்றன. ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்க்கும் வழியை நாம் இன்னும் நிரந்தரமாக அமைக்கவில்லை. கடற்காற்றும் நிலக்காற்றும் மாறிமாறி வீசும் இந்தக் கரையோரத்தில் அந்தக் குறை மற்ற இடங்களைவிடக் கடுமையாகப் பாதிக்கிறது.

விண்ணிலிருந்து தெரியும் தீ

காட்டுத்தீ என்றதும் தமிழ்நாட்டில் நினைவுக்கு வருவது தேனி மாவட்டத்தின் குரங்கணி. 2018 மார்ச் 11ஆம் தேதி மலையேறச் சென்றவர்கள் அங்கே தீயில் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். செங்கல்பட்டில் அப்படிப்பட்ட பெருங்காடு இல்லை. வண்டலூர் போன்ற காப்புக்காடுகளும் முட்புதர்க் காடுகளும் இருக்கின்றன. கரையோரம் சவுக்குத் தோப்புகளின் சருகு, கோடையில் வற்றிய ஏரிகளில் காய்ந்த கோரையும் புல்லும், அறுவடைக்குப் பிந்தைய வைக்கோல் தாள், ஊருக்கு ஊர் குப்பைமேடு, தை பிறப்பதற்கு முந்தைய போகி: இங்கே புகை இவற்றிலிருந்து வருகிறது. ஒவ்வொன்றும் சிறு தீ. எல்லாம் சேர்ந்து மூச்சை அடைக்கும்.

சிறு தீயைக் கண்டுபிடிப்பதில்தான் முதல் சிக்கல். நாசாவின் டெர்ரா 1999இலும் அக்வா 2002இலும் விண்ணுக்குச் சென்றன. அவற்றிலுள்ள மோடிஸ் கருவி தரையை 1 கிலோமீட்டர் சதுரங்களாகப் பார்த்து, சுற்றியுள்ளதைவிட அளவுக்கு மீறிச் சூடான சதுரத்தைத் தீயாகக் குறிக்கும். 2011இல் ஏவப்பட்ட சுவோமி என்பிபி செயற்கைக்கோளிலும் அதன் பின்வந்தவற்றிலும் உள்ள வியர்ஸ் கருவி 375 மீட்டர் சதுரமாகப் பார்க்கிறது. ஃபிர்ம்ஸ் என்ற நாசா இணையச் சேவை இந்தத் தீப்புள்ளிகளை மூன்று மணி நேரத்துக்குள் உலகம் முழுவதற்கும் இலவசமாகத் தருகிறது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் உருவான சேவை அது.

இந்தியாவில் டேராடூனில் உள்ள இந்திய வன அளவைத் துறை 2004 முதல் மோடிஸ் தீப்புள்ளிகளை மாநில வனத்துறைகளுக்கு அனுப்பி வருகிறது. இப்போது வியர்ஸ் புள்ளிகளும் சேர்ந்து, பதிவு செய்துகொண்டவர்களின் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாகப் போகின்றன. ஆனால் இது வனத்துக்கான சேவை. வனப் பரப்புக்குள் விழும் புள்ளிகளையே அது வடிகட்டி அனுப்புகிறது. இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று நெல்தாள் எரிப்பைச் செயற்கைக்கோள் வழியே கணக்கெடுக்கிறது. அதன் நாள் அறிக்கைகள் பஞ்சாப், ஹரியானா உள்ளிட்ட வட மாநிலங்களுக்கானவை. ஏரிக்குள் எரியும் கோரையும் குப்பைமேடும் காடும் அல்ல, பஞ்சாபின் வயலும் அல்ல. செங்கல்பட்டின் புகையில் பெரும்பகுதி இந்த இரு பட்டியல்களுக்கும் வெளியே விழுகிறது.

செயற்கைக்கோள் பார்க்காத நேரமும் உண்டு. வியர்ஸ் கருவிகள் நம் தலைக்கு மேல் வருவது பகல் ஒன்றரை மணியையும் இரவு ஒன்றரை மணியையும் ஒட்டி. மாலை நான்கு மணிக்குப் பற்றி எட்டு மணிக்கு அணைந்த சருகுத் தீ அந்தக் கணக்கில் வராது. மேகம் இருந்தாலும் தெரியாது. இந்தியாவின் இன்சாட் வரிசை வானில் ஒரே இடத்தில் நிற்பதால் அரை மணிக்கு ஒருமுறை படமெடுக்கும். 2024 பிப்ரவரி 17 அன்று இன்சாட்-3டிஎஸ் அந்த வரிசையில் சேர்ந்தது. ஆனால் வெப்பத்தை அது சுமார் 4 கிலோமீட்டர் சதுரமாகப் பார்ப்பதால் சிறு தீ கரைந்துபோகிறது. ஒன்று கூர்ந்து பார்க்கிறது, அடிக்கடி வருவதில்லை. மற்றொன்று அடிக்கடி பார்க்கிறது, கூர்மை போதவில்லை. இரண்டையும் ஒரே பலகையில் வைத்தால்தான் ஒரு நாளின் கதை தெரியும்.

ஒரே நாளில் இரண்டு திசை

தீப்புள்ளி புகை ஆகாது. புள்ளி நின்ற இடத்தில் நிற்கும். புகை காற்றோடு போகும். வங்கக் கரையில் இது தனிப் பாடம்.

பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று எழும்ப, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. கோடையில் இந்தக் கடற்காற்று நண்பகலை ஒட்டி மாமல்லபுரத்தில் தொடங்கி, திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு என்று மேற்கே நகரும். மேலைக்காற்று வலுத்த நாட்களில் அது தாமதமாகும். சில நாட்கள் வராமலே போகும். இரவில் நிலம் குளிர்ந்ததும் திசை மாறி, விடியற்காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். ஆகவே காலை ஆறு மணிக்கு எரியும் குப்பையின் புகை கடலைத் தேடும். பிற்பகல் இரண்டு மணிக்கு எரியும் அதே குப்பையின் புகை ஊருக்குள் வரும்.

கடலுக்குப் போனால் தீர்ந்தது என்று நினைக்க இடமில்லை. இரவில் கடலுக்கு மேல் போய்த் தேங்கிய அசுத்தக் காற்றை மறுநாள் பகல் கடற்காற்று திரும்ப உள்ளே தள்ளக்கூடும். பெரிய அளவிலும் இதே உண்மைதான். 1999இன் முதல் மாதங்களில் நடந்த இந்தியப் பெருங்கடல் ஆய்வான இண்டோயெக்ஸ், துணைக்கண்டத்துப் புகை குளிர்காலத்தில் பெருங்கடலின் மேல் பழுப்புப் படலமாகப் பரவிக் கிடப்பதைக் காட்டியது. அதை முன்நின்று நடத்தியவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்த விஞ்ஞானி வி. ராமநாதன். பல நாடுகளின் விமானங்கள், கப்பல்கள், தீவு நிலையங்கள், செயற்கைக்கோள்கள் எடுத்த அளவுகளைச் சேர்த்துப் பார்த்ததால் கிடைத்த முடிவு அது. எந்த ஒரு கருவியும் தனியாக அதைக் கண்டிருக்க முடியாது.

இந்தக் கரையின் காற்றை நன்றாக அறிந்தவர்கள் தொலைவில் இல்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, அதே கரையில், கல்பாக்கம் இருக்கிறது. சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1984இல் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. அணு நிலையத்தில் கசிவு ஏற்பட்டால் அது எங்கே போகும் என்று முன்கூட்டியே கணிக்க வேண்டிய கடமையால், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் இங்குள்ள கடற்காற்றை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். ஆர். வெங்கடேசனும் சி.வி. ஸ்ரீனிவாஸும் அவர்களுடன் பணியாற்றியவர்களும் 2002இலும் 2005இலும் வெளியிட்ட ஆய்வுகள், கடற்காற்று உள்ள நாளில் மாசு பரவும் விதம் சமவெளிக்கான எளிய சூத்திரங்களோடு ஒத்துப்போகாது என்பதை விளக்குகின்றன. கடற்காற்றின் கீழே, கரையில் மெலிதாகத் தொடங்கி உள்ளே போகப்போக உயரும் ஒரு கலக்க அடுக்கு உருவாகிறது. உயரத்தில் அமைதியாக மிதந்து வந்த புகை, கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி அந்த அடுக்கைத் தொட்டதும் தரைக்கு இறக்கப்படுகிறது. தீக்கு அருகில் இருப்பவரைவிடத் தொலைவில் இருப்பவர் அதிகம் சுவாசிக்க நேர்வது இப்படித்தான்.

ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் வளிமண்டலச் சேவை ஐந்து நாள் புகை முன்கணிப்பை உலகுக்கு இலவசமாகத் தருகிறது. அதன் கட்டம் சுமார் 40 கிலோமீட்டர். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் சாலை வழியே 30 கிலோமீட்டர்தான். கடற்காற்று வந்த இடமும் வராத இடமும் அந்த ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். இமயமலைத் தீயின் புகை பல மாநிலங்களைக் கடப்பதை அந்த வரைபடம் காட்டும். திருப்போரூர்ப் புகை கேளம்பாக்கத்தை எட்டுமா என்று காட்டாது. உலகச் சேவைகள் நம் வேலையைச் செய்துவிடும் என்று உட்கார முடியாததற்கு இதுவே காரணம்.

கடிகாரமும் ஆயத்தொலையும்

பல இடத்துத் தரவுகளை ஒன்றாகச் சேர்க்கும்போது பிழை நுழைவது பெரும்பாலும் சின்ன வாசல் வழியாகத்தான்.

நாசாவின் தீப்புள்ளிகள் உலகப் பொது நேரத்தில் வருகின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. பகல் ஒன்றரை மணிக்குப் பார்த்த தீ, கோப்பில் காலை 8 மணி என்று இருக்கும். நள்ளிரவு கடந்து ஒன்றரை மணிக்குப் பார்த்தது முந்தைய நாள் இரவு 8 மணி என்று இருக்கும், தேதியே மாறிவிடும். இதைக் கவனிக்காத ஒருவர் அந்தப் புள்ளியை இந்திய நேரத்துக் காற்றோடு சேர்த்தால் என்ன ஆகும்? ஒன்றரை மணித் தீக்குக் காலை எட்டு மணிக் காற்று கிடைக்கும். சமவெளியில் இது சிறு பிழையாக முடியலாம். மாமல்லபுரத்தில் எட்டு மணிக்கு நிலக்காற்று அடங்கியிராது. ஒன்றரைக்குக் கடற்காற்று ஏறியிருக்கும். ஊருக்குள் வரும் புகையை வரைபடம் கடலுக்கு அனுப்பிவிடும்.

இடத்தைக் குறிப்பதிலும் அப்படியே. மாமல்லபுரம் வடக்கு அகலாங்கு 12.6, கிழக்கு நெட்டாங்கு 80.2. இணையம் வழியே வரைபடம் கேட்டு வாங்குவதற்கான பொதுத் தரம் ஒன்றின் பழைய பதிப்பு நெட்டாங்கை முதலில் எழுதச் சொல்லும். புதிய பதிப்பு அகலாங்கை முதலில் கேட்கும். மாற்றி எழுதினால் புள்ளி வடதுருவத்தை நெருங்கிய ஸ்வால்பார்ட் தீவுகளின் பக்கத்துக் கடலில் விழும். தரவைப் பகிர்வதற்கு நல்லெண்ணம் மட்டும் போதாது. எழுதி ஏற்றுக்கொண்ட பொது விதி வேண்டும்.

மூன்றாவது சிக்கல் சராசரி. நம் காற்றுத் தரக் குறியீடு நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரியை எடுக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் 21 மணி நேரம் பிஎம் 2.5 அளவு கன மீட்டருக்கு 30 மைக்ரோகிராம். குப்பை எரிந்த மூன்று மணி நேரம் மட்டும் 300. மொத்தச் சராசரி 64க்குச் சற்றுக் குறைவு. குறியீட்டில் அது ‘மிதமான மாசு’ என்ற படியில் நிற்கும். 300 என்பதோ ‘கடுமை’ என்ற கடைசிப் படிக்கு உரியது. ஆஸ்துமா உள்ள குழந்தை அந்த மூன்று மணி நேரத்தைத்தான் சுவாசித்தது, சராசரியைச் சுவாசிக்கவில்லை. புகைக்கான வரைபடத்துக்கு மணிக்கு மணி மூல அளவு வேண்டும்.

படமாகவா, தரவாகவா?

இணையத்தில் ஒரு வரைபடத்தை வெளியிடுவதும் அதை இணையச் சேவையாகத் தருவதும் வேறு வேறு. முதல் வகையில் கண்ணால் பார்க்கலாம், அவ்வளவுதான். இரண்டாம் வகையில் இன்னொரு கணினி அதைக் கேட்டு வாங்கித் தன் வரைபடத்தின் மேல் அடுக்க முடியும். 1994இல் தொடங்கிய திறந்த புவியிடக் கூட்டமைப்பு இதற்கான பொது மொழியை வகுத்தது. 2000இல் வெளியான டபிள்யூஎம்எஸ் என்ற தரம், ‘இந்த எல்லைக்குள், இந்த நேரத்துக்கு, இந்த அடுக்கை வரைந்து அனுப்பு’ என்று எந்தச் சர்வரிடமும் ஒரே விதமாகக் கேட்க வழி செய்தது. அடுத்து வந்த தரங்கள் படத்துக்குப் பதில் புள்ளிகளையும் எண்களையுமே கேட்டு வாங்க இடம் கொடுத்தன. பத்து அலுவலகங்கள் ஒரே கிணற்றில் தங்கள் தங்கள் வாளியால் இறைத்துக்கொள்வது போன்ற ஏற்பாடு இது. தண்ணீரை யாரும் வீடு வீடாகச் சுமக்க வேண்டியதில்லை.

புகையும் தூசியும் இந்த முயற்சிக்குத் தொடக்கத்திலேயே உந்துதலாக இருந்தன. 1998 ஏப்ரலில் ஆசியப் பாலைவனத் தூசி பசிபிக்கைத் தாண்டி அமெரிக்கா போய்ச் சேர்ந்தபோது, செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ருடால்ஃப் ஹூசார் உள்ளிட்ட பலர் தங்கள் அளவீடுகளை இணையம் வழியே பகிர்ந்து அந்நிகழ்வைச் சேர்ந்து ஆராய்ந்தார்கள். அவருடைய குழு பின்னர் டேட்டாஃபெட் என்ற அமைப்பைக் கட்டியது. தரவு அவரவர் சர்வரிலேயே இருக்கும். பார்ப்பவருக்கு ஒரே வரைபடமாகத் தெரியும். இன்று அமெரிக்காவில் நோவா அமைப்பின் ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துப் புகைப் பரப்பின் எல்லையைக் கையால் வரைந்து, யாரும் எடுத்துக்கொள்ளும் வடிவில் வெளியிடுகிறார்கள். 2020இல் வந்த அந்நாட்டின் தீ, புகை வரைபடம் அரசு நிலையங்களோடு மக்கள் வீட்டில் மாட்டிய மலிவு விலைக் கருவிகளின் அளவுகளையும் திருத்தம் செய்து காட்டுகிறது.

நம்மிடமும் அடித்தளம் இருக்கிறது. ஹைதராபாத்தின் தேசியத் தொலையுணர்வு மையம் 2009இல் தொடங்கிய புவன் தளம் வரைபட அடுக்குகளைச் சேவையாகவே தருகிறது. அகமதாபாத்திலிருந்து மோஸ்டாக் என்ற தரவு மையம் இன்சாட் தரவைத் தருகிறது. 2012இன் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கைக்குப் பின் வந்த அரசுத் தரவுத் தளத்தில் காற்றுத் தர அளவுகளை நிரல் வழியே பெறலாம். 2018 அக்டோபரில் டெல்லிக்காகத் தொடங்கிய முன்னெச்சரிக்கை அமைப்பு, செயற்கைக்கோள் கண்ட தீயைக் காற்று மாதிரியில் சேர்த்து, புகை நகருக்குள் எவ்வளவு வரும் என்று கணிக்கிறது. டெல்லிக்கு முடிந்தது தெற்குக் கரைக்கு முடியாததல்ல. தமிழ்நாட்டிலும் வெள்ளம், புயல் பாதிப்பை வரைபடத்தில் காட்டும் டிஎன்-ஸ்மார்ட் அமைப்பு மாநிலப் பேரிடர் மேலாண்மைக்குப் பயன்படுகிறது. அதில் புகையையும் ஓர் அடுக்காகச் சேர்க்கலாம்.

சிங்கப்பூர் கற்ற பாடம்

புகை வரைபடத்தின் அரசியலை அறிய, தமிழர்கள் வாழும் சிங்கப்பூரையும் மலேசியாவையும் பார்க்கலாம். இந்தோனேசியாவின் காடுகளும் கரிச்சதுப்பு நிலங்களும் எரியும்போதெல்லாம் அங்கே புகைமூட்டம் சூழும். 1997இல் அது நெடிய பேரிடரானது. 2002இல் ஆசியான் நாடுகள் எல்லை தாண்டும் புகை குறித்து ஒப்பந்தம் செய்தன. இந்தோனேசியா அதை ஏற்று உறுதி செய்தது 2014இல்தான். இடையில் 2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரின் மாசுக் குறியீடு 401ஐத் தொட்டது.

அங்கே தீப்புள்ளிகள் பல ஆண்டுகளாகவே வெளிப்படையாகக் கிடைத்தன. பூசல் எழுந்தது அந்தப் புள்ளிக்கு அடியில் உள்ள நிலம் யாருடைய குத்தகை என்று காட்டும் வரைபடத்தைப் பற்றி. அதைப் பகிர்வதில்தான் அரசுகள் தயங்கின. 2014இல் சிங்கப்பூர் எல்லை தாண்டும் புகைக்கு எதிராகத் தனிச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டு உலக வள நிறுவனம் தீப்புள்ளிகளையும் குத்தகை எல்லைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும் இணையத் தளத்தைத் திறந்தது. இரண்டு அடுக்குகள் சேர்ந்ததும் கேள்வி யாரிடம் போக வேண்டும் என்பது தெளிந்தது.

இதை இங்கே கொண்டுவரும்போது கவனம் தேவை. வியர்ஸ் சதுரம் ஒன்றின் பரப்பு ஏறத்தாழ 35 ஏக்கர். செங்கல்பட்டுக் கிராமத்தில் அதற்குள் எத்தனையோ சர்வே எண்கள் அடங்கும். சதுரத்தின் நடுவில் வைத்த புள்ளியைக் கொண்டு ஒரு சிறு விவசாயியின் பட்டா நிலத்தையோ ஏரிக்கரையில் குடிசை போட்டிருக்கும் இருளர் குடும்பத்தையோ குற்றவாளியாக்குவது பெரும் அநியாயம். பெருங்கிடங்கை நடத்தும் அமைப்பைக் கேள்வி கேட்கப் போதுமான துல்லியம் அந்தத் தரவில் உண்டு. ஏழை ஒருவரைத் தண்டிக்கப் போதுமான துல்லியம் இல்லை. இந்த வரம்பை வரைபடத்தின் மேலேயே எழுதி வைக்க வேண்டும்.

இங்கே செய்யக்கூடியது

முதல் வேலை, செயற்கைக்கோள் தவறவிடும் சிறு தீயைப் பிடிப்பது. அதற்குப் புதிய கருவி தேவையில்லை. தீயணைப்பு நிலையங்களுக்கு வரும் ஒவ்வொரு அழைப்பும் நேரத்தோடும் இடத்தோடும் பதிவாகிறது. சருகுத் தீ, குப்பைத் தீ, வைக்கோல் தீ ஆகியவற்றின் பதிவை, அழைத்தவரின் அடையாளத்தை நீக்கி, இட ஆயத்தொலையுடன் சேவையாகத் திறந்துவிட்டால், விண்ணிலிருந்து கிடைப்பதைவிட நேர்மையான தீ வரைபடம் இந்த மாவட்டத்துக்குக் கிடைக்கும். செயற்கைக்கோள் எத்தனை தீயைத் தவறவிடுகிறது என்பதும் அப்போது அளவாகத் தெரியும்.

அடுத்தது, காற்று அளவீடு. மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு என்று கரைக்குச் செங்குத்தான ஒரே கோட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசுப் பள்ளிகளிலும் மலிவு விலை நுண்துகள் கருவிகளை வைக்கலாம். கடற்காற்று ஒவ்வொரு இடத்தையும் கடக்கும் நேரத்தில் அளவு எப்படி மாறுகிறது என்று அந்தக் கோடு காட்டிக்கொடுக்கும். கருவிகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரிய நிலையத்தின் அருகே வைத்து அவ்வப்போது சரிபார்க்க வேண்டும்; இங்குள்ள ஈரக் காற்றில் மலிவுக் கருவி நீர்த்துளியையும் துகளாக எண்ணிவிடும்.

மூன்றாவது, கல்பாக்கத்தின் காற்று அறிவைப் பொதுப் புகைக்கும் பயன்படுத்துவது. அணு நிலையம் பற்றிய பாதுகாப்புத் தகவல் எதையும் வெளியிட வேண்டியதில்லை. கடற்காற்று இன்று எப்போது தொடங்கும், எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்ற சிறு கட்ட முன்கணிப்பு மட்டும் வானிலைத் துறை வழியே வெளிவந்தால் போதும். சென்னையின் வானிலை ராடாரில் கடற்காற்றின் முகப்பு மெல்லிய கோடாக நகர்வதைக் காண முடிகிற நாட்களும் உண்டு. அந்தத் தகவலையும் இதோடு சேர்க்கலாம்.

நான்காவது, எல்லா அடுக்கும் ஒரே ஒழுங்கில் இருக்க வேண்டும்: உலகப் பொது நேரமும் இந்திய நேரமும் இரண்டும் எழுதப்பட்டதாக, மணிக்கு மணி மூல அளவாக, அளவின் நம்பகத்தன்மை குறிக்கப்பட்டதாக, படமாக மட்டுமல்லாமல் எடுத்துப் பயன்படுத்தும் தரவாக. பிடிஎஃப் கோப்பில் சிறைப்பட்ட அட்டவணையால் முன்னெச்சரிக்கை கொடுக்க முடியாது. இவ்வளவும் இருந்தால், ஒரு கல்லூரி மாணவர் தமிழில் குறுஞ்செய்திச் சேவை ஒன்றை எழுதிவிடலாம்: ‘இன்று பிற்பகல் ஒரு மணிக்கு மேல் புகை உங்கள் ஊர்ப் பக்கம் திரும்பும், பள்ளி விளையாட்டு வகுப்பைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.’

இதற்குத் தேவையான கருவிகளும் அறிவும் இந்த மாவட்டத்திலேயோ அருகிலேயோ உள்ளன. வனத்துறை, தீயணைப்புத் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், வானிலைத் துறை, உள்ளாட்சிகள் ஐந்தும் தங்கள் தரவைத் திறப்பதாக ஒரே உத்தரவில் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த உத்தரவை மாவட்ட ஆட்சியர் தொடங்கலாம். 2019 நவம்பரில் பிறந்த இந்த மாவட்டத்துக்குப் பழைய வழக்கங்களின் சுமை குறைவு. ஒரு கோடைக்கு மட்டும் சோதித்துப் பார்க்கட்டும். வரைபடம் சொன்னதும் மூக்கு உணர்ந்ததும் எவ்வளவு பொருந்தின என்று மக்களிடமே கேட்கட்டும். பொருந்தாத இடங்களைத் திருத்தி, அந்த முறையை எண்ணூர் முதல் நாகை வரை கொண்டு போகலாம். மூச்சுக்காற்றைப் பற்றிய தகவல் பொதுச் சொத்து. அதைச் சேகரிக்க வரிப்பணம் கொடுத்தவர்கள் அதைக் கேட்டு வாங்கும் உரிமை உள்ளவர்கள்.